அடை காக்கும் சர்வகலாசாலை

"கேட்டாயா அநியாயத்தை!" என்று கூவிக்கொண்டே மாடி வீட்டு மாமி உள்ளே வந்தாள். அடுப்பில் பால் பொங்கிக் கொண்டிருந்தது. மாமியும் பொங்கிக் கொண்டிருந்தாள்.

மாமியின் பெண் எம்.டெக். படித்தவள். கை நிறையச் சம்பளம். அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடப் படித்த இரண்டு பேருடன் சேர்ந்து தொழில் ஆரம்பிக்கப் போகிறாளாம். என்ன தொழில்? ஓய்ந்துபோன லிதியம் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் உலோகங்களைப் பிரித்தெடுப்பது.

"காயலான் கடை வைப்பதற்கா அம்மா அவளை எம்.டெக். படிக்க வைத்தோம்? இதற்குக் காலேஜே இடம் கொடுத்துத் தூண்டி விடுகிறதாம்! 'இன்குபேட்டர்' என்கிறாள். குறைமாதக் குழந்தையை வைக்கிற பெட்டி அல்லவோ அது?"

மாமி ஹாஸ்யமாகச் சொல்லவில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னாள். முட்டை தானாகப் பொரிந்துவிடாது. யாராவது உட்கார்ந்து அடை காக்க வேண்டும். தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி, தன்னிடம் படித்தவர்களின் முதல் தொழிலுக்குச் சர்வகலாசாலை திண்ணையை ஒழித்துக் கொடுக்கிறது. (ஐ.ஐ.டி.யைச் சர்வகலாசாலை என்று சொல்லலாமா என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசட்டும்.) கோடி ரூபாய் யந்திரங்கள் இருக்கும் ஆராய்ச்சிக்கூடம், சந்தேகம் கேட்கப் பேராசிரியர், கொஞ்சம் விதைப் பணம். பதிலுக்குக் கம்பெனியில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. தாய் வீடானாலும் கணக்கு கணக்குத்தானே!

பாங்கியில் போய்க் கேட்டால் என்ன என்கிறீர்களா? பாங்கி மானேஜர் ஈடு கேட்பார். "எங்கள் மூளைதான் ஈடு" என்றால் காபி கூடக் கிடைக்காது. அதிலும் கரியமில வாயுவைக் குறைக்கும் தொழில்கள் செல்போன் செயலி மாதிரி ஆறு மாதத்தில் தயாராகிவிடுவதில்லை. பேட்டரியை நூறு தரம், ஆயிரம் தரம் ஏற்றி இறக்கி, வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் விற்க முடியும். அதுவரை யார் சோறு போடுவது?

மாமிக்கு நான் ஏதர் கம்பெனியின் கதையைச் சொன்னேன். தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்று இரண்டு பேர் 2012-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து முடித்தார்கள். கிடைத்த வேலைகளைச் சில மாதங்களிலேயே விட்டுவிட்டு, 2013-இல் கம்பெனி ஆரம்பித்து, படித்த இடத்துக்கே திரும்பி வந்தார்கள். முதலில் அவர்கள் நினைத்தது பேட்டரி மட்டும் செய்து விற்கலாம் என்றுதான். அன்று கடையில் கிடைத்த மின்சார ஸ்கூட்டர்களைப் பார்த்த பிறகுதான், வண்டியையே புதிதாகச் செய்தாக வேண்டும் என்று தெரிந்தது. 2016-இல் வண்டியை ஊருக்குக் காட்டினார்கள். ஜனங்கள் கைக்கு வந்தது 2018-இல், பெங்களூரில். இன்று ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது.

மாமி விரலை மடக்கினாள். "பதின்மூன்றிலிருந்து பதினெட்டு... ஐந்து வருஷமா!"

"2025 மே மாதம் பங்கு மார்க்கெட்டுக்கு வந்தபோதும் நஷ்டத்தில்தான் இருந்தது, மாமி" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றிற்று.

நடுவில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இராது. அது எரிந்தால் வருகிற கரியமில வாயு ஏறக்குறைய 2.3 கிலோ! காற்றிலிருந்து பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால் இந்தப் பெருக்கம். மின்சார ஸ்கூட்டரும் பரம சாது அல்ல. நம் தேசத்து மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இருந்தாலும் மொத்தத்தில் லாபம்தான். ஆனால் அந்த வண்டிகளின் பேட்டரி ஒரு நாள் ஓய்ந்து போகுமே, அப்போது? லிதியமும் கோபால்ட்டும் நிக்கலும் குப்பைக்குப் போகலாமா? பேட்டரி விற்றவர்களே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022-இல் விதியும் வந்துவிட்டது. மாமியின் பெண் ஒன்றும் அசட்டுப் பெண் அல்ல.

"அதெல்லாம் சரி. மாமாவுக்கு அடுத்த வருஷம் ரிடயர்மெண்ட். வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில்தானே போகிறது?" என்றாள் மாமி.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மத்திய சர்க்கார் திட்டம் ஒன்றில் இப்படி வேலையை விட்டு வருகிறவர்களுக்கு மாதாந்தர உதவித்தொகை உண்டு. ஆனால் அது ஒன்றரை வருஷத்துக்கு மேல் போகாது. வங்கித் தவணையோ இருபது வருஷம். வெற்றி பெற்ற கம்பெனிகளின் படங்களை வாசலில் மாட்டுகிற கலாசாலைகள், பாதியில் மூடியவற்றின் கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைத்தால் தேவலை. பெற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே சம்மதிக்கலாம்.

கடைசியில், இரண்டு வருஷத் தவணைக்குப் பணம் சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் வேலையை விடச் சொல்வது என்று நாங்கள் இருவரும் தீர்மானித்தோம். பெண்ணைக் கேட்காமலே!

நாலு நாள் கழித்து மாமி வாசற்படியில் நின்றாள்.

"அதை அவள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறாளாம். என்னிடம் சொல்லவில்லை, கள்ளி!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் வீட்டில் பழைய செல்போன் ஏதாவது கிடக்கிறதா? காயலான் கடைக்காரனிடம் போட்டுவிடாதே. எனக்கு வேண்டும்" என்றாள்.