இழை அறுந்தா ஆள் மாறிப் போகும்

யாஹூ குழுமங்கள் தளத்துல இருக்கற மடல்களையெல்லாம் அழிக்கப் போறதா 2019 அக்டோபர்ல அறிவிச்சாங்க, 2020 டிசம்பர் 15-ல முழுசா இழுத்து மூடினாங்க. ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர்னு நம்ம ஆளுங்க கூடிக் கும்மியடிச்ச இடமெல்லாம் அங்கேதான் இருந்துச்சு. கெடுவுக்குள்ள மடல்களை இறக்கி வெச்சவங்க புண்ணியவான்கள். ஆனா இறக்கினதை இப்போ எப்படி அடுக்கறதுங்கறதுலதான் எனக்கு மாற்றுக் கருத்து.

பொதுவா சொல்ற யோசனை இது: "மடலெல்லாம் இருக்குல்ல, தேதிவாரியா அடுக்கு, ஒரே தலைப்பு இருக்கறதை ஒண்ணா சேரு, முடிஞ்சுது." முடியாதுங்க. விவாதம்னா யார் என்ன சொன்னாங்கங்கறது பாதிதான். யாருக்குச் சொன்னாங்கங்கறது மீதிப் பாதி. "சுத்த அபத்தம்"னு ஒத்தை வரியில ஒருத்தர் போட்ட பதில் வேற மடலுக்குக் கீழே போய் ஒட்டிக்கிட்டா, அவர் திட்டாத ஆளைத் திட்டினதா ஆயிடும். இருபது வருஷம் கழிச்சுப் படிக்கறவனுக்கு அதான் வரலாறு.

நிற்க. இழை ஏன் அறுந்து போகுது?

ஒவ்வொரு மடலுக்கும் மெசேஜ்-ஐடின்னு ஒரு அடையாளம் உண்டு. பதில் போடறப்ப, எந்த மடலுக்குப் பதில்ங்கறதை 'இன்-ரிப்ளை-டு', 'ரெஃபரன்ஸஸ்'னு ரெண்டு தலைவரிகள்ல மென்பொருள் எழுதி வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா இழை பூரா அதுலதான் நிக்குது. சில பழைய மென்பொருள்கள் இதை எழுதறதே இல்லை. நாள் தொகுப்பா மடல் வாங்கினவர் பதில் போட்டா, அது தொகுப்புக்குப் பதிலாத்தான் பதிவாகும், தலைப்பும் தொகுப்பு எண்ணாயிடும். சிலர் புதுப் பேச்சை ஆரம்பிக்கப் பழைய மடலைத் திறந்து தலைப்பை மட்டும் மாத்துவாங்க. அது பழைய இழைக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். மெயில்மேனோட பழைய பைப்பர்மெயில் மாசாமாசம் தனிக்கட்டாப் பிரிக்கும். 31-ம் தேதி ஆரம்பிச்ச சண்டை 1-ம் தேதி அநாதையாயிடும் :-)

இதெல்லாம் உலகப் பொது வியாதி. தமிழுக்குன்னு தனி வியாதியும் உண்டு, அது தலைப்புல இருக்கு.

மடல் தலைப்புல தமிழ் நேராப் போகாது, 1996-ல வந்த ஆர்எஃப்சி 2047 விதிப்படி பொட்டலம் கட்டித்தான் போகும். ஒரு பொட்டலம் 75 எழுத்துக்கு மேல போகக்கூடாது. யுடிஎஃப்-8-ல ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட். பேஸ்64 முறையில கட்டினா ஒரு பொட்டலத்துல 15 குறிதான் அடங்கும், புள்ளி கொம்பெல்லாம் தனிக் கணக்கு. எங்க ஊர் 'கோவில்பத்து'வுக்கே 11 ஆச்சு. 'கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில்'னு போட்டா மூணு பொட்டலம் கட்டியே ஆகணும். ஒழுங்கில்லாத மென்பொருள் ஒரு குறியோட நடுவுல வெட்டும், இல்லேன்னா ஒட்டற இடத்துல ஒரு இடைவெளியைச் சொருகும். அப்புறம் தலைப்பு ஒத்துப் போகுமா?

இன்னொண்ணு. 'கோ'வுல இருக்கற ஓகாரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால்னு ரெண்டாவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. டிஸ்கி மடல்னா கேக்கவே வேணாம், அதுல கொம்பு முன்னாடி வரும், க பின்னாடி வரும். அதே ஊர்ப்பேர் மூணு விதமா நிக்கும்.

அதனால என் கட்சி இதுதான். முதல்ல தலைவரிகள், தலைப்பு கடைசி. நெட்ஸ்கேப் மடல் மென்பொருளுக்காக ஜேமி சவின்ஸ்கி எழுதின முறையும் தலைவரிகளைத்தான் முதல்ல பாக்குது. நடுவுல ஒரு மடல் காணோம்னா அந்த இடத்தைக் காலியாவே வைக்கும். தலைவரி இல்லாத மடலுக்கு, மேற்கோளாக் காட்டின வரிகள் எந்தப் பழைய மடல்ல இருக்குன்னு தேடலாம். அதுவும் இல்லேன்னா மட்டும், பொட்டலத்தைப் பிரிச்சு, ஓகாரத்தை ஒரே வடிவமாக்கி, குழுப்பேரையும் 'மறு'வையும் நீக்கிட்டுத் தலைப்பை ஒப்பிடுங்க. அப்படிச் சேத்ததுக்குப் பக்கத்துல 'ஊகம்'னு எழுதி வைங்க. அனுப்பினவரோட கணினிக் கடிகாரத்தையும் நம்பாதீங்க, வழங்கி பதிஞ்ச 'ரிசீவ்ட்' வரியைப் பாருங்க.

"இவ்வளவு மெனக்கெடணுமா, யார் படிக்கப் போறா?"ன்னு கேக்கலாம். டிஸ்கி தரமே மடல் வழி விவாதத்துல உருவானதுதான். எந்தக் குறியை ஏன் வெச்சாங்க, யார் மறுத்தாங்க, எந்த வாதத்துக்கு மசிஞ்சாங்கங்கறதெல்லாம் இழைக்குள்ளதான் இருக்கும். இணையத்தமிழுக்கு வேற கல்வெட்டு கிடையாது.

உங்க கிட்ட பழைய குழு மடல் இருந்தா, பிடிஎஃப் ஆக்காதீங்க, வெட்டி ஒட்டாதீங்க. டிஸ்கியை யூனிகோடா மாத்தறதா இருந்தா நகல்ல மாத்துங்க, மூலம் அப்படியே இருக்கட்டும். அழுக்காத் தெரியுற அந்தத் தலைவரிகளைத் துடைச்சுட்டா, அப்புறம் எந்தக் கொம்பனாலும் இழையைக் கோக்க முடியாது.