மயங்க் யாதவ்: 156 கி.மீ வேகம் இருக்கு... 2025 மே வரை 32 ஓவர்தான் பார்த்தோம்! சிக்கல் எங்கே?

லக்னோ சூப்பர் ஜெயண்ட்ஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர் மயங்க் யாதவ், முதுகு காயம் காரணமாக ஐபிஎல் 2025 தொடரிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக நியூசிலாந்தின் வில்லியம் ஓ'ரூர்க்கை 3 கோடி ரூபாய்க்கு லக்னோ சேர்த்தது. அந்த சீசனில் மயங்க் ஆடியது 2 போட்டிகள் மட்டுமே.

"மறுபடியுமா?" என்பதுதான் ரசிகர்கள் பலரின் முதல் கேள்வி. அவரது கரியரில் ஐபிஎல், சர்வதேச டி20 இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 2025 மே வரை வீசியது 193 பந்துகள், அதாவது 32 ஓவர் 1 பந்து. மெல்போர்னில் 2024 டிசம்பரில் நடந்த ஒரே ஒரு டெஸ்ட் போட்டியில் பும்ரா வீசியது 53 ஓவருக்கு மேல்.

இவ்வளவு குறைவாக வீசியும் இந்த இளைஞரைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்? உண்மையிலேயே அவர் எவ்வளவு பெரிய பவுலர்? திரும்பத் திரும்ப ஏன் காயம்? பார்க்கலாம்.

யார் இந்த மயங்க்?

டெல்லியைச் சேர்ந்த மயங்க், ஷிகர் தவன், ரிஷப் பண்ட், ஆஷிஷ் நெஹ்ரா ஆகியோரை உருவாக்கிய சானட் கிளப்பில் வளர்ந்தவர். 2022 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சம் ரூபாய்க்கு லக்னோ அவரை எடுத்தது. அந்த ஆண்டு ஆட வாய்ப்பு வரவில்லை. 2023-ல் தொடருக்கு முன்பே காயம்.

2024 மார்ச் 30. லக்னோவில் பஞ்சாப் கிங்ஸுக்கு எதிராக அறிமுகம். 200 ரன் இலக்கைத் துரத்திய பஞ்சாப், விக்கெட் இழப்பின்றி 102 ரன் எடுத்து நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. பேர்ஸ்டோ, பிரப்சிம்ரன், ஜிதேஷ் சர்மா என மூன்று பேரையும் அடுத்தடுத்து வெளியேற்றி ஆட்டத்தையே திருப்பினார் மயங்க். 4 ஓவரில் 27 ரன், 3 விக்கெட். அதிகபட்ச வேகம் மணிக்கு 155.8 கி.மீ. அறிமுகப் போட்டியிலேயே ஆட்ட நாயகன் விருது.

மூன்று நாள் கழித்து பெங்களூருவில் ஆர்சிபிக்கு எதிராக இன்னும் ஒரு படி மேலே போனார். 4 ஓவரில் வெறும் 14 ரன், 3 விக்கெட். மேக்ஸ்வெல் டக் அவுட். கேமரூன் கிரீன் போல்டு. வேகம் 156.7 கி.மீ. மீண்டும் ஆட்ட நாயகன்.

வேகம் மட்டும்தானா?

இல்லை. 156.7 கி.மீ என்றால் பந்து ஒரு விநாடிக்கு 43 மீட்டருக்கு மேல் பாய்கிறது. பேட்ஸ்மேனுக்கு யோசிக்க அரை விநாடி கூட கிடைக்காது. ஆனால் வேகம் மட்டும் இருந்தால் நல்ல பேட்ஸ்மேன்கள் அந்த வேகத்தையே பயன்படுத்தி எல்லைக் கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மயங்க் தனியாகத் தெரிந்தது லைனிலும் லெங்த்திலும். பெரிய ஸ்விங் கிடையாது. வித்தியாசமான ஆக்ஷனும் கிடையாது. ஸ்டம்பை ஒட்டிய நேர் லைனில், குட் லெங்த்துக்குச் சற்றே குறைவான இடத்தில் பந்தைக் குத்தி எழுப்புவார். முன்காலில் அடிக்க நீளம் போதாது, பின்காலில் போக நேரம் போதாது. மேக்ஸ்வெல் புல் ஷாட்டில் தப்பியதும், கிரீனின் ஸ்டம்ப் பறந்ததும் இதனால்தான்.

2024 ஐபிஎல்-லில் அவர் வீசிய 73 பந்துகளில் கொடுத்தது 85 ரன். ஓவருக்கு 7-க்கும் கீழே. 200 ரன் சாதாரணமாக அடிக்கப்படும் காலத்தில் ஒரு புதுமுகத்துக்கு இது பெரிய விஷயம்.

உம்ரான் மாலிக்கோடு ஒப்பிடலாமா?

அதிவேகமாக வீசும் ஒரு இந்திய பவுலர் வந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். 2022 ஐபிஎல்-லில் 157 கி.மீ வேகத்தைத் தொட்டு, 22 விக்கெட் எடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஜம்முவின் உம்ரான் மாலிக். இந்தியாவுக்காக 10 ஒருநாள், 8 டி20 ஆடினார். 2023 ஜூலைக்குப் பிறகு இந்திய ஜெர்சியில் அவரைக் காணவில்லை. 2024 ஐபிஎல்-லில் கிடைத்தது ஒரே ஒரு போட்டி.

ஆனால் இருவரின் பிரச்னையும் ஒன்றல்ல. உம்ரானுக்கு முதலில் சிக்கலாக இருந்தது கட்டுப்பாடு. வேகம் இருந்தது, ரன்னும் போனது. மயங்க்குக்குக் கட்டுப்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. அவருக்கு இல்லாதது தொடர்ந்து வீசும் உடல். கட்டுப்பாட்டை வலைப்பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். உடலை அப்படி அவசரமாகத் தயார் செய்ய முடியாது.

காயம் எப்போதெல்லாம் வந்தது?

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்.

• 2024 ஏப்ரல் 7: குஜராத்துக்கு எதிராக ஒரே ஓவர் வீசிவிட்டு வெளியேறினார். வயிற்றுப் பக்கவாட்டுத் தசையில் பிரச்னை.

• 2024 ஏப்ரல் 30: சுமார் மூன்று வாரத்தில் மும்பைக்கு எதிராகத் திரும்பினார். நான்காவது ஓவரின் முதல் பந்தோடு மீண்டும் வெளியே. சீசன் முடிந்தது.

• 2024 அக்டோபர் 6: ஐந்து மாதம் எந்தப் போட்டியிலும் ஆடாமல் நேராக இந்திய அணிக்குள். குவாலியரில் வங்கதேசத்துக்கு எதிராக சர்வதேச அறிமுகம். முதல் ஓவரே மெய்டன். அகார்கர், அர்ஷ்தீப் சிங்குக்குப் பிறகு டி20 அறிமுகத்தில் இதைச் செய்த மூன்றாவது இந்தியர். 3 போட்டியில் 4 விக்கெட். தொடர் முடிந்ததும் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் காயம்.

• 2025 ஏப்ரல் 27: ஆறு மாதத்துக்கு மேல் ஓய்வு, நடுவில் கால் விரல் காயம் வேறு. மறுபடியும் உள்ளூர் போட்டி எதுவும் ஆடாமல் நேராக ஐபிஎல். வான்கடேயில் ரோகித் சர்மா, ஹர்திக் பாண்டியா விக்கெட்டுகளை எடுத்தாலும் 40 ரன் போனது.

• 2025 மே 4: தரம்சாலாவில் பஞ்சாபுக்கு எதிராக 4 ஓவரில் 60 ரன், விக்கெட் இல்லை. அதோடு அந்த சீசன் முடிந்தது.

மூன்று முறை திரும்பியபோதும் அவர் இறங்கிய இடம் ஒன்று ஐபிஎல், இல்லையென்றால் இந்திய அணி. நடுவில் டெல்லிக்காக சத்தமில்லாமல் பத்து, பதினைந்து ஓவர் வீசி உடம்பைப் பழக்கிய ஒரு கட்டமே இல்லை.

2025-ல் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. 2024-ல் பார்த்த 150-க்கு மேலான வேகம் அப்போது வரவில்லை. 48 பந்தில் 100 ரன் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வேகம் குறைந்துவிட்டால் அதே லெங்த் பேட்ஸ்மேனுக்கு வசதியான லெங்த் ஆகிவிடுகிறது.

முதுகு ஏன் உடைகிறது?

வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும்போது அவரது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, சுழலவும் செய்கிறது. இந்த அழுத்தத்தை அதிகம் வாங்குவது இடுப்புக்கு மேலே உள்ள எல்4, எல்5 முதுகெலும்புகள்.

ஒரு பந்தால் எலும்பு உடைவதில்லை. ஒவ்வொரு ஸ்பெல்லிலும் எலும்பில் சின்னச் சின்ன தேய்மானம் வருகிறது. ஓய்வில் உடல் அதைச் சரிசெய்து எலும்பை இன்னும் உறுதியாக்குகிறது. சரிசெய்யும் வேகத்தைவிட சேதம் வேகமாக நடந்தால் முதலில் வலி, பிறகு மயிரிழை விரிசல். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, வயது. கீழ்முதுகு எலும்பு முழு உறுதியை அடைவது இருபதுகளின் நடுவில்தான். 18 முதல் 23 வயது வரை உள்ள வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருவது அதனால்தான்.

இரண்டு, திடீர் சுமை. நிறைய வீசுவது மட்டும் ஆபத்தில்லை. எதுவுமே வீசாமல் இருந்துவிட்டு, திடீரென்று முழு வேகத்தில் வீசுவதும் ஆபத்து. "4 ஓவர்தானே!" என்று நினைக்கலாம். ஆனால் அந்த 24 பந்தையும் 150 கி.மீ-க்கு மேல் வீச வேண்டும் என்றால், அதற்குப் பழகாத முதுகுக்கு அது பெரிய சுமை.

மயங்க் 2025 மே வரை ஆடிய முதல்தர போட்டி, 2022-23 ரஞ்சி சீசனில் ஒன்றே ஒன்று. எலும்புக்கும் தசைக்கும் மெதுவாக, தொடர்ச்சியாகப் பழக்கம் கொடுக்கும் நான்கு நாள் கிரிக்கெட் அவர் வாழ்க்கையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஏன் எல்லோருக்கும் இவ்வளவு அவசரம்?

பணமும் தேவையும் சேர்ந்து தள்ளுகின்றன. 20 லட்சத்துக்கு எடுக்கப்பட்டவரை 2025 சீசனுக்காக லக்னோ தக்கவைத்த விலை 11 கோடி ரூபாய். அதாவது 55 மடங்கு. அவ்வளவு கொடுத்த அணி அவர் களத்தில் இறங்குவதைத்தான் எதிர்பார்க்கும். காத்திருக்கும் செலவை யார் ஏற்பது என்பதற்கு இந்த அமைப்பில் தெளிவான பதில் இல்லை.

இந்திய அணிக்கும் அவசரம் இருந்தது. ஆஸ்திரேலியத் தொடர் முழுக்கப் பாரத்தைச் சுமந்து 32 விக்கெட் எடுத்த பும்ராவுக்கு, சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் முதுகு ஒத்துழைக்கவில்லை. சாம்பியன்ஸ் டிராபியும் போனது. 2025 ஜூன் 20-ல் இங்கிலாந்தில் 5 டெஸ்ட் தொடர் தொடங்கியது. பும்ராவின் சுமையைப் பகிர ஆள் தேடும்போது 156 கி.மீ என்ற எண் தேர்வாளர்கள் கண்ணில் படாமல் இருக்குமா?

முன்னுதாரணம் இருக்கா?

இருக்கிறது. இரண்டு விதமாகவும் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் 2019-ல் டெஸ்ட் அறிமுகமாகி 13 போட்டியில் 42 விக்கெட் எடுத்தார். முழங்கையிலும் முதுகிலும் மாறி மாறி காயம். 2021 பிப்ரவரிக்குப் பிறகு 2025 மே வரை டெஸ்ட் ஆடவில்லை.

இன்னொரு பக்கம் பேட் கம்மின்ஸ். 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் டெஸ்ட் அறிமுகம், ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன். பிறகு முதுகு உள்பட அடுக்கடுக்காகக் காயங்கள். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல்! நடுவில் குறுகிய வடிவப் போட்டிகளில் ஆடினார். 2017 மார்ச்சில் உள்ளூர் ஷெஃபீல்டு ஷீல்டு போட்டியில் சிவப்புப் பந்தைக் கையில் எடுத்த பிறகே டெஸ்ட் அழைப்பு வந்தது. ராஞ்சியில் இந்தியாவுக்கு எதிராக அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் 39 ஓவர் வீசி 4 விக்கெட் எடுத்தார். பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்த கேப்டனும் அவர்தான்.

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. பும்ராவுக்கு 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு அறுவை சிகிச்சை நடந்தது. ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராகத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் தன் கரியரின் சிறந்த கட்டத்தில் வீசினார். முதுகு காயம் என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை.

இனி எதைப் பார்க்க வேண்டும்?

அடுத்த முறை மயங்க் வரும்போது ஸ்பீடு கன்னில் தெரியும் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு மூன்று விஷயங்கள்.

1. எங்கே திரும்புகிறார்? டெல்லிக்காக உள்ளூர் போட்டியில் என்றால் நல்ல அறிகுறி. மறுபடியும் நேராகப் பெரிய மேடை என்றால் பழைய கதை திரும்பும் அபாயம் உண்டு.

2. அடுத்தடுத்து எத்தனை போட்டி? ஒரு போட்டியில் 3 விக்கெட் எடுப்பதைவிட, தொடர்ந்து ஆறேழு போட்டிகளில் முழு ஓவர்களையும் வீசி முடிப்பது பெரிய சாதனை.

3. இரண்டாவது ஆயுதம் வருகிறதா? எல்லாப் பந்தையும் 155-ல் வீசத் தேவையில்லை. 142-ல் ஒழுங்காக வீசி, தேவைப்படும்போது மட்டும் 152-ஐ எடுக்கத் தெரிந்தால் முதுகும் பிழைக்கும், விக்கெட்டும் விழும்.

சரி, மயங்க் பெரிய பவுலர் ஆவாரா? 193 பந்தில் 13 விக்கெட் என்பது திறமைக்குப் போதுமான சாட்சி. உடல் நிலைக்கும் என்பதற்கு அது போதாது. அந்தப் பதில் அவரிடம் மட்டுமில்லை. லக்னோ அணி, டெல்லி சங்கம், பிசிசிஐ மூவரும் சேர்ந்து ஒரு முழு உள்ளூர் சீசனை அவருக்குக் கொடுக்கத் தயாரா என்பதிலும் இருக்கிறது.

ராஞ்சியில் அந்த 39 ஓவரை வீசியபோது கம்மின்ஸுக்கு வயது 23. மயங்க்குக்கு 23 ஆனது 2025 ஜூன் 17-ல்தான்.