ஒட்டிய படம் கணிதமாகுமா?

(இரண்டாமாண்டு, இளமறிவியல் கணிதம்)

சென்ற பருவத்தில் என் அசைன்மென்ட் நோட்டு திரும்பி வந்தபோது அதன் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரியதொரு பெருக்கல் குறி இருந்தது. அருகில் ஒரே வரி: "படம் ஒட்டுவது கணிதமன்று." இரண்டு மதிப்பெண் போயிற்று. உள்மதிப்பீடே மொத்தம் 25 என்னும்போது இரண்டு என்பது சிறிதன்று. ஆயினும் நான் எழுத வந்தது அந்த இரண்டுக்காக அல்ல.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாமே பத்துச் சார்புகளைத் தேர்ந்தெடுத்து, வரைபடம் வரைந்து, அவை எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகின்றன என்று எழுத வேண்டும். ஒன்பதை வரைபடத்தாளில் வரைந்தேன். பத்தாவதைக் கைபேசியில் ஜியோஜீப்ரா செயலியைக் கொண்டு வரைந்து, திரையில் தெரிந்ததை அச்செடுத்து ஒட்டினேன். (திரையில் தெரியும் படத்தைத் 'திரைப்படம்' என்று எழுதினால் விடுதி நண்பர்கள் வேறு பொருள் கொள்வார்கள், ஆகவே 'திரைநகல்' என்றே எழுதுகிறேன்.) சார்பு இதுதான்: எக்ஸின் கனத்திலிருந்து எக்ஸில் நூற்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். திரையின் எல்லை −10 முதல் 10 வரை. வளைவு ஆதிப்புள்ளியில் மட்டும் அச்சை வெட்டிற்று. "மெய் மூலம் ஒன்றே, அது பூச்சியம்" என்று படத்தின் கீழே எழுதினேன். அந்த வரிக்குச் 'சரி' போடப்பட்டிருந்தது.

அந்த வரி தவறு!

எக்ஸைப் பொதுக்காரணியாக வெளியே எடுத்தால் பள்ளி மாணவனுக்கும் விளங்கும். மூலங்கள் மூன்று: 0, 0.1, −0.1. ஆதிக்கு இடப்புறம் ஒரு மேடும் வலப்புறம் ஒரு பள்ளமும் இருக்கின்றன. மேட்டின் உயரம் 0.0004-ஐக்கூட எட்டவில்லை. −10 முதல் 10 வரை விரிந்த திரையில் அது ஒரு புள்ளியளவுகூட இராது. நோட்டு கைக்கு வந்த அன்றிரவு, கோபத்தில் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கப் போய்த்தான் இதைக் கண்டேன். கட்டுக்கட்டாய் நோட்டுகளைத் திருத்தும் கண் ஒன்றைத் தவறவிடுவது இயற்கை. அதைக் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பெருக்கல் குறி இரண்டு அங்குலம் கீழே விழுந்திருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

"கையால் வரைந்திருந்தால் இந்தப் பிழை நேருமா?" என்று கேட்டார் என் அறைத்தோழர். நியாயமான கேள்வி. வரைந்து பார்த்தேன். வழக்கம்போல் −3 முதல் 3 வரை முழு எண்களுக்கு அட்டவணை போட்டேன். 1-க்கு 0.99 வருகிறது; 0-க்கு 0; −1-க்கு −0.99. புள்ளிகளை வளைவாக இணைத்தால் அதே ஒற்றை வெட்டுத்தான்! பென்சிலும் பொய் சொல்லிற்று. உண்மையைச் சொன்னது காரணிப்படுத்தலும் வகைக்கெழுவுமே. அப்படியிருக்க, படம் எதனால் வரையப்பட்டது என்பதை வைத்து மட்டும் மதிப்பெண் குறைப்பது எப்படிப் பொருந்தும்?

திரையை முழுதும் நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. 1985-இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி என்பதே முதல் வரைபடக் கால்குலேட்டர். (நானும் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.) அதன் திரையில் குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளிகள் மட்டுமே. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே சைன் அலை சரியாக ஒரு முழுச் சுற்றை முடித்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாப் புள்ளிகளும் ஒரே உயரத்தில் விழும். துள்ளும் அலை நேர்க்கோடாகத் தெரியும். டேன் சார்பை வரையச் சொன்னால், தொலைத்தொடுகோடு இருக்கும் இடத்தில் மேற்கோடியையும் கீழ்க்கோடியையும் செங்குத்துக் கோட்டால் இணைத்துவிடும் பொறிகள் உண்டு. அந்தக் கோட்டையும் வளைவின் பகுதி என்று நம்பி எழுதியவர்கள் பலர். இன்றைய கைபேசித் திரையில் புள்ளிகள் பெருகியிருக்கின்றன. குறை குறைந்ததே தவிர நீங்கவில்லை. 1872-இல் வயர்ஸ்ட்ராஸ், எங்கும் தொடர்ச்சியுடையதாயினும் எங்குமே வகையிட முடியாத சார்பொன்றைப் பெர்லின் அறிவியற் கழகத்தில் எடுத்துக்காட்டினார். அதை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டாது. படத்தின் மீது நம் ஆசிரியப் பெருமக்கள் கொண்ட ஐயம் இப்படி நெடிய வரலாறு உடையது.

ஆனால் ஐயத்துக்கு விடை தடையா? அமெரிக்காவில் 1995 முதல் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் கால்குலஸ் தேர்வின் ஒரு பகுதிக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம். அங்கே பொறியைக் கொண்டு வரையலாம், மூலம் காணலாம். ஆனால் "படத்தில் தெரிகிறது" என்று எழுதினால் அது காரணமாக ஏற்கப்படாது. கணிதக் காரணம் தனியே வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று எழுதுவதும் செல்லாது. இது எனக்கு நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

நாமும் அவ்வாறே செய்யலாம். திரைநகலை ஒட்டுபவர் அதன் கீழே தம் கையால் சில வரிகள் எழுதட்டும்: என்ன சார்பை உள்ளிட்டார், இரு அச்சுகளின் எல்லைகள் யாவை, அந்த எல்லைகளை ஏன் தேர்ந்தார், படத்தில் கண்டதைக் கணக்கால் எப்படிச் சரிபார்த்தார். இந்த வரிகள் இல்லாத படத்துக்கு மதிப்பெண் வேண்டாம். எல்லைகளை எழுதும் கட்டாயம் எனக்கு இருந்திருந்தால், "ஏன் பத்து? ஏன் 0.2 அல்ல?" என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். ஒருவர் படத்தை ஒன்பது பேர் ஒட்டும் வழக்கமும் அடங்கிவிடும். (அது நம் வகுப்பில் இல்லை என்று சொல்லத் துணியமாட்டேன்.) இரண்டு வளைவுகள் இருந்தால் பெயரையும் பேனாவால் எழுதிவிடுவது நலம். சிவப்பும் நீலமும் கறுப்பு வெள்ளை அச்சில் ஒன்றாகிவிடுகின்றன. வண்ண அச்சுக்குக் கொடுக்க எல்லோரிடமும் காசு இல்லை.

காசு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரைநகலைக் கட்டாயமாக்கிவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருவர் வீட்டில் கைபேசி ஒன்றே ஒன்று; அது காலையில் அவர் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். வரைபடத்தாளில் வரைபவருக்கும் அதே கேள்விகள், அதே மதிப்பெண் என்றிருக்க வேண்டும்.

பருவத்தேர்வில் கைபேசி ஏது, பென்சில் பழக்கம் போய்விடாதா என்பார்கள். உண்மைதான், 75 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஆகையால் பத்தில் இரண்டு அல்லது மூன்று படங்களுக்கு மேல் திரைநகல் வேண்டாம் என்று வரம்பு கட்டிக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

இதையே ஒரு விண்ணப்பமாக எழுதி, வரும் பருவம் தொடங்கும்போது துறைத்தலைவர் அவர்களிடம் தர எண்ணியிருக்கிறோம். இதுவரை பதினொரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதலாமாண்டு நண்பர்களும் சேரலாம். ஏற்காதவர்கள் காரணத்தை எழுதித் தந்தால் அதையும் இணைத்தே கொடுப்போம்.