அவர் இருந்திருந்தால்...

“அவர் மட்டும் இருந்திருந்தால், நிச்சயம் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.”

இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு உலகத்தில் எங்கேயாவது உண்டா? பெண்ணுக்கு வரன் நிச்சயம் செய்யும்போதும், வீட்டின் மேல் மாடி எடுக்கும்போதும், மனத்துக்குக் கொஞ்சம் நெருடலாக இருக்கிற எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும், யாராவது ஒருவர் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தபடி இதைச் சொல்லிவிடுவார். அப்புறம் ஏது மறுபேச்சு? படத்தில் இருப்பவர் ஆம் என்றும் சொல்லப் போவதில்லை. கூடாது என்றும் சொல்லப் போவதில்லை.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது, இதே வாக்கியத்தின் பலத்தில் வெளிவந்த ஒரு பாட்டைப் பற்றி. பாட்டு வெளிவந்தது 2023 நவம்பர் 2-ஆம் தேதி. கோஷ்டியோ இங்கிலாந்தின் பீட்டில்ஸ். பாட்டின் பெயர் ‘நௌ அண்ட் தென்’. ‘அவ்வப்போது’ என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். இதுதான் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு என்று அறிவித்தே வெளியிட்டார்கள். கேட்ட ரசிகர்கள் அன்றைக்கே இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. மற்றொரு கட்சி காதைப் பொத்திக்கொண்டது.

பீட்டில்ஸைப் பற்றித் தெரியாத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. லிவர்ப்பூல் துறைமுகப் பட்டணத்துப் பிள்ளைகள் நால்வர்: ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார். 1962-ல் முதல் இசைத்தட்டு, 1970-ல் பிரிவு. இடையில் இருந்த எட்டு வருஷத்தில் உலகத்து இளைஞர்களின் தலைமயிரிலிருந்து சங்கீதம் வரை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். 1968-ல் ரிஷிகேசத்துக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் பழகியவர்கள். ஜார்ஜ் நம் ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டவர். தம் மகனுக்கே ‘த’, ‘நி’ என்ற இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துத் தானி என்று பெயர் வைத்தவர்.

ஆனால் இவர்களுக்கு விடைபெற மட்டும் வராது! 1969-ல் வெளிவந்த ‘அபே ரோடு’ இசைத்தட்டின் கடைசியில் ‘முடிவு’ என்ற அர்த்தத்தில் ‘தி எண்ட்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அது முடிந்து சில விநாடி மௌனம். ரசிகர் எழுந்திருக்கப் போகிற சமயத்தில், அரை நிமிஷம்கூட நீளாத ஒரு துண்டுப் பாட்டு கிளம்பும். வாசற்படி வரை போய்விட்டு, “ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே!” என்று திரும்பி வரும் விருந்தாளிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இனி, அந்தக் கடைசிப் பாட்டின் கதைக்கு வருவோம்.

1975-ல் ஜான் லெனனுக்கு ஒரு மகன் பிறந்தான். அதிலிருந்து ஏறக்குறைய ஐந்து வருஷம் அவர் இசைத் தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நியூயார்க்கில் டகோட்டா என்ற பெரிய கட்டடத்திலிருந்த தம் வீட்டில் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார். ரொட்டிகூடச் சுட்டார். மனைவி யோகோ ஓனோ வியாபார விவகாரங்களைக் கவனித்துக்கொண்டார். அந்த நாட்களில், 1977 வாக்கில், பியானோவின் முன் உட்கார்ந்து மெல்லப் பாடி, சாதாரணக் காஸெட் ஒன்றில் பதிந்து வைத்தவற்றில் ஒன்றுதான் இந்தப் பாட்டு. அரைகுறைப் பாட்டுத்தான். சில இடங்களில் வார்த்தைகள்கூட முழுமையாகக் கூடிவரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. 1980 டிசம்பர் 8-ஆம் தேதி, அதே கட்டடத்தின் வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 40.

காஸெட் யோகோவிடம் இருந்தது. இந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பீட்டில்ஸ் பிரிந்ததற்கே இவர்தான் காரணம் என்று ரசிகர்கள் வெகு காலம் தூற்றினார்கள். வீடு இரண்டுபட்டால் பழி வந்த மருமகள் தலையில்! கடல் கடந்தாலும் இந்த வழக்கம் மட்டும் மாறுவதில்லை போலிருக்கிறது. ஆனால் 1994-ல், கணவரின் குரல் அடங்கிய காஸெட்டுகளை எடுத்துப் பால் மக்கார்ட்னியின் கையில் கொடுத்தவர் இதே யோகோதான். அவர் பெட்டியைப் பூட்டிவைத்துக்கொண்டிருந்தால், ரசிகர்களுக்குச் சண்டை போடக்கூட ஒரு பாட்டு கிடைத்திராது.

மிஞ்சியிருந்த மூவரும் கூடி, அந்தக் குரலோடு தங்கள் குரல்களையும் வாத்தியங்களையும் சேர்த்து இரண்டு பாட்டுகளை முடித்தார்கள். ஒன்று 1995-லும் மற்றொன்று 1996-லும் வெளிவந்தன. மூன்றாவதாக ‘நௌ அண்ட் தென்’னையும் 1995-ல் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. காஸெட் முழுவதும் மின்சாரத்தின் ‘உம்’ என்ற இரைச்சல். அதோடு குரலும் பியானோவும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. குரலைத் தூக்கினால் பியானோ அமுக்கியது. ஜார்ஜ், “வேண்டாம், விட்டுவிடுவோம்” என்ற கட்சி. நால்வரில் ஒருவருக்குப் பிடிக்காததை மற்ற மூவர் செய்வதில்லை என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். பாட்டு மறுபடி பெட்டிக்குள் போயிற்று. 2001 நவம்பர் 29-ல் ஜார்ஜும் காலமானார்.

ஆனால் பாலின் மனத்தில் அந்தப் பாட்டு உறங்கவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. நியூஸீலாந்து சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்ஸன், பீட்டில்ஸைப் பற்றிய பழைய படச்சுருள்களைத் தொகுத்து 2021-ல் ஒரு நீண்ட படம் வெளியிட்டார். அதற்காக அவருடைய குழுவினர், ஒரே பதிவில் கலந்து கிடக்கும் பேச்சையும் கிட்டாரையும் தாளத்தையும் தனித்தனியே இனம் கண்டு பிரிக்கும்படி கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைப் புராணத்தில்தானே கேட்டிருக்கிறோம்? அதை இயந்திரத்தில் செய்துவிட்டார்கள். காஸெட்டை அதனிடம் கொடுத்தார்கள். இரைச்சல் வேறு, பியானோ வேறு என்று ஒதுங்க, ஜானின் குரல் பளிங்குபோல் வந்து நின்றது.

2022-ல் பாலும் ரிங்கோவும் பாட்டை முடிக்கும் வேலையில் இறங்கினார்கள். ஜார்ஜ் 1995-ல் வாசித்து விட்டுப்போன கிட்டாரையும் சேர்த்தார்கள். நடுவில் வரும் தனிக் கிட்டாரை, ஜார்ஜின் பாணியிலேயே பால் வாசித்தார். வயலின் முதலிய வாத்தியங்களை லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் பதிந்தார்கள். வாசித்த வித்துவான்களுக்கே அது பீட்டில்ஸ் பாட்டு என்று சொல்லவில்லையாம்! பாலின் சொந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டே வாசித்துவிட்டுப் போனார்கள்.

சரி, ஜார்ஜ் சொன்ன ‘வேண்டாம்’ என்ன ஆயிற்று? அதற்குத்தான் அவருடைய மனைவி ஒலிவியாவின் வாக்கு கிடைத்தது. பதிவின் கோளாறு தீர்க்கமுடியாதது என்று தோன்றியதால்தான் ஜார்ஜ் அன்றைக்கு நிறுத்தினார், இன்றைக்கு இருந்தால் மனப்பூர்வமாகக் கைகொடுத்திருப்பார், இது எனக்கும் தானிக்கும் தெரியும் என்ற கருத்தில் அவர் சொன்னார். ஆனால் பாலே முன்பு அளித்த பேட்டிகளில், ஜார்ஜுக்குப் பாட்டே பிடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். சகோதரிகளே, ஒரே மனிதர், ஒரே மறுப்பு, காரணம் மட்டும் இரண்டு!

ரசிகர்களின் சண்டை முதலில் இயந்திரத்தைப் பற்றித்தான் மூண்டது. 2023 ஜூனில் பால் வானொலிப் பேட்டி ஒன்றில் ‘செயற்கை அறிவு’ என்ற சொல்லை வாயிலிருந்து விட்டார். இறந்தவர் குரலில் கம்ப்யூட்டரே பாடப்போகிறது என்று பலர் பதறிவிட்டார்கள். குரல் ஜானுடையதேதான், புதிதாக எதையும் படைக்கவில்லை, அழுக்கைத்தான் துடைத்தோம் என்று அவர் பிற்பாடு விளக்கவேண்டி வந்தது.

பாட்டு வெளிவந்ததும் இரண்டாவது சண்டை. ஜானின் மூலப் பதிவு திருட்டுத்தனமாகப் பிரதியெடுக்கப்பட்டு, வெகு காலமாகவே ரசிகர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. அதை மனப்பாடமாகக் கேட்டு வைத்திருந்தவர்கள் புதிய பாட்டைப் போட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பல்லவிக்கு ஏறுவதற்கு முன்னால் ஜான் தயங்கித் தயங்கிப் பாடும் ஒரு பகுதி இருக்கவேண்டும், அதைக் காணோம்! “பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது, அதை வெட்டிவிட்டார்களே!” என்று ஒரு கட்சி. “பாதியில் நிற்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்டினதால்தான் பாட்டு நேராக நடக்கிறது” என்று மற்றொரு கட்சி.

மூன்றாவது சண்டை, பாட்டோடு வந்த படத்தைப் பற்றி. கிழவர்களான பாலும் ரிங்கோவும் வாசிக்கும் இடத்தில், இளைஞர்களான ஜானும் ஜார்ஜும் தோன்றிக் குறும்பு செய்கிறார்கள். பீட்டர் ஜாக்ஸன் பழைய படங்களிலிருந்து அவர்களை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். இதைப் பார்த்து விம்மி அழுதவர்களும் உண்டு. போனவர்களைப் பொம்மையாக ஆட்டலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

சண்டைக்கு நடுவே பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. 1969-க்குப் பிறகு, 54 வருஷம் கழித்து! 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொள்ள மேடை ஏறியவர், ஜான் ரொட்டி சுட்டு வளர்த்த அந்தப் பிள்ளை ஷான்தான்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறீர்களா? நானும் பாட்டைப் பல தடவை கேட்டேன். முதல் தடவை தொண்டை அடைத்தது. மூன்றாவது தடவை கோபம் வந்தது. ஐந்தாவது தடவை ஒன்று புரிந்தது. இது ஜானின் பாட்டும் அல்ல, நால்வரின் பாட்டும் அல்ல. 15 வயதில் சிநேகிதனைக் கண்டெடுத்து, 38 வயதில் அவனை இழந்த ஒரு மனிதர், 81-வது வயதில் அவன் குரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். தளர்ந்த தம் குரலை அந்தக் குரலோடு ஒட்டவைத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான் விஷயம். அப்படிப் பார்த்தால் வெட்டினதும் ஒட்டினதும் எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. “எனக்கு ஆசையாக இருந்தது, செய்தேன்” என்று பால் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும். ‘கடைசி பீட்டில்ஸ் பாட்டு’ என்று பெயர் சூட்டினதால்தான், இல்லாத இருவரையும் சாட்சிக்கு அழைக்கவேண்டியதாயிற்று.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. இசைத்தட்டின் மறு பக்கத்தில், 1962-ல் வெளிவந்த அவர்களுடைய முதல் பாட்டான ‘லவ் மீ டூ’வை வைத்தார்கள். ஆதியும் அந்தமும் ஒரே தட்டில்! அழகான யோசனைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஜான் தனியாகப் பியானோ வாசித்துப் பாடிய காஸெட்டை, இரைச்சலோடு, தடுமாற்றத்தோடு அப்படியே வைத்திருக்கலாம். திருத்தியதைக் கேட்பவர் கேட்கட்டும். திருத்தாததைக் கேட்பவர் கேட்கட்டும் என்று விட்டிருக்கலாம்.

இப்படி நான் நினைப்பதற்கு எங்கள் வீட்டுச் சம்பவம் ஒன்று காரணம். என் தகப்பனார் பேசிய காஸெட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ பழங்கதை சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டாகப் பதிந்து வைத்தது. அவர் போய்ச் சில வருஷத்துக்குப் பிறகு என் தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பல இரவு கண்விழித்து, இரைச்சலையெல்லாம் நீக்கி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். அப்பா எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

அம்மா கடைசி வரையில் அசையாமல் கேட்டாள். பிறகு, “ஏண்டா, குக்கர் சத்தத்தைக் காணோமே?” என்றாள்.

“அதையெல்லாம் எடுத்துட்டேம்மா. அப்பா இருந்திருந்தா, இவ்வளவு தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டிருப்பார்.”

“அது அவருக்குத்தான் தெரியும். எனக்குக் குக்கர் சத்தம் வேணும்” என்றாள் அம்மா.

நல்ல வேளை, தம்பி பழைய காஸெட்டைத் தூக்கி எறிந்திருக்கவில்லை.