மில் வேன் வருகிற நேரம்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டி இருக்கிறது. ஒன்றியத்தின் தலைமையூர்; சாலையை ஒட்டியிருப்பவர்களுக்குப் பேருந்துப் பஞ்சம் பெரிதில்லை. நாம் பேச விரும்புவது அச்சாலையிலிருந்து சிறுமலை அடிவாரம் நோக்கிப் பிரிந்து செல்லும் ஊர்களைப் பற்றி. இத்தகைய ஊர்களில் டவுன் பஸ் ஒரு நடை குறைந்தால் அது எங்கும் செய்தியாவதில்லை. நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்ற பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இவற்றை நாம் குறைசொல்லவில்லை. பல மாநிலங்களில் இவ்வளவும் கிடையாது. ஆனால் வராத பேருந்தில் எந்த அட்டையைக் காட்டுவது? விலையில்லா சைக்கிள் பதினோராம் வகுப்பில் வருகிறது. ஒன்பதிலும் பத்திலும் நின்றுவிடும் பெண்ணுக்கு அது எட்டுவதேயில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பள்ளி தூரமாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

குடும்பங்கள் சமாளிக்கின்றன. தந்தையின் பைக்கில் மூன்று பேர். அவர் வேலைக்குத் தாமதமாகப் போனால் அன்றைய கூலியில் பிடித்தம். ஷேர் ஆட்டோவுக்கு மாதக் காசு. சிலர் பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விடுகிறார்கள், சிலர் விடுதியில். காலையை எப்படியோ கடத்திவிடலாம். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டத் தொடங்கும் மாலையில்தான் வீட்டில் பேச்சு எழுகிறது: பொம்பளப் பிள்ளை, எதற்கு வம்பு?

இத்தனைக்கும் இம்மாவட்டத்துக் கிராமங்களுக்கு வண்டியே வராமலில்லை. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வருகிறது. நூற்பாலைகளின் வேன் இன்னும் உள்ளே, தெருமுனை வரை வருகிறது; ஷிப்டு தவறாமல் பெண்களை ஏற்றிப்போகிறது, கொண்டுவந்தும் விடுகிறது. படிப்பை நிறுத்திய பெண்ணின் வீட்டார் அந்த வேனைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு யோக்கியதை இல்லை.

2025இல் மினி பஸ் திட்டம் விரிவாக்கப்பட்டது. நல்லதுதான். ஆயினும் அவை தனியார் வண்டிகள். வசூல் இல்லாத தடத்தில் எத்தனை நாள் ஓடுமோ!

ஒரு நடையை நிறுத்துமுன் அவ்வழியிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்கட்டும். கிராம சபையில் வைக்கட்டும். பள்ளி திறக்கும் நேரத்துக்கும் விடும் நேரத்துக்குமான இரண்டு நடைகளுக்கு மட்டுமாவது வசூல் கணக்குப் பார்க்காதிருக்கட்டும்.