வெயிலூரில் ஒரு போர்வை

சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழம் தெரிந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் நம்மைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுப் பூனைக்கு மறுவாரம் கருத்தடைச் சத்திரசிகிச்சை. "மயக்கம் தெளியும்வரை குளிர் படாமற் பார்க்கவேண்டுமாம். இந்த வெயிலிற் பூனைக்குக் குளிரா?" என்று நகைத்தார். நாம் நகைக்கவில்லை.

பூனையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம்மூர் நண்பகல் நிழல் 32 பாகை என்றாலும், அதன் உடலுக்கு அது குளிர்ந்த காற்றே. விழித்திருக்கும் பூனை சுருண்டு படுக்கும். நடுங்கிச் சூடு தேடும். மயக்கமருந்து மூளையிலுள்ள அந்தக் காவலை உறங்கவைத்து, தோலின் இரத்தக்குழாய்களையும் விரித்துவிடுகின்றது. உள்ளிருந்த சூடு தோலுக்கு வந்து வெளியேறுகின்றது. போதாக்குறைக்கு வயிற்று மயிரை மழித்து, ஸ்பிரிட் பூசி, வயிற்றையும் திறக்கிறார்கள்.

பெரும்பானைச் சோறு மெல்ல ஆறும். கிண்ணத்துச் சோறு விரைவில் ஆறிவிடும். உருவம் சிறுத்தால் எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி. ஜேர்மனியரான கார்ல் பேர்க்மான் 1847 இல் இதனை விளக்கினார். எடின்பரோவிற் சிம்ப்சன் குளோரோபோமைக் கையாளத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான்! சூடு குறைந்தால் ஈரல் மந்தமாகி, மருந்து உடலைவிட்டு அகலத் தாமதமாகும், இதயமும் தளரும்.

இத்தனையும் அறிந்த நாமே சென்ற மார்கழியிற் பிழைவிட்டோம். மயக்கம் முற்றாகத் தெளியாமல் வந்த நம் வீட்டு நாய்க்குட்டியைச் சீமெந்துத் தரையிற் கிடத்தாது சாக்கு விரித்ததுவரை சரி. பின்பு கொதிநீரைப் போத்தலில் ஊற்றி, துணிகூடச் சுற்றாமல், விலாவோடு அணைத்துவைத்தோம். மயங்கிய குட்டி சுட்டால் விலகுமா? சில நாளில் அவ்விடத்துத் தோல் கழன்றது. இன்றும் அங்கே மயிரில்லை.

நண்பருக்கு இவ்வளவும் சொன்னோம். மருந்து ஏற்றுமுன்பே பூனையைச் சூடாக வைத்திருப்பது நன்று. வைத்தியசாலையில் வெந்நீர் ஓடும் விரிப்போ சூடான காற்றுப் போர்வையோ உண்டா என்று கேட்கலாம். வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, ஈரமயிரைத் துடைத்து, பெட்டியிற் பழஞ்சேலையை மடித்துப் போடுங்கள். போத்தல் வைத்தால் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தடித்த துணி சுற்றுங்கள். ஆறிய போத்தல் உள்ள சூட்டையும் இழுக்கும்; உடனே அகற்றுங்கள். பூனை தானாக எழுந்து நடக்கும்வரை காவல் வேண்டும். பாதம் சில்லிட்டு, அழைத்தும் அசையாதிருந்தால் வைத்தியரிடம் ஓடுங்கள்.

"எல்லாம் சரி, எங்கள் வீட்டிற் பழஞ்சேலை எது என்று யார் தீர்மானிப்பது?" என்றார் நண்பர். அதற்கு நம்மிடம் மருந்தில்லை.