'ஹாஸ்டல் வார்டன்' என்று சிரித்தவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த கேலியைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். என் தம்பி மகள் அமெரிக்காவில் மாணவர் நலத் துறையில் மாஸ்டர்ஸ் முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் குடியிருப்பு ஒன்றின் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறாள். உடனே ஒரு பெரியவர், "ஏழு கடல் தாண்டிப் போய் ஹாஸ்டல் வார்டன் வேலையா?" என்று போட்டார். அதற்கு பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுடைய அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. மதிப்பெண்ணும் சம்பளமும் தவிர வேறு எதையும் அளக்கத் தெரியாத ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்த இடைநிலை ஆசிரியைக்குப் பல்கலைக்கழகம் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். 33 வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். பாடம் நடத்துவது ஒரு வேலை, பிள்ளையைக் கவனிப்பது இன்னொரு வேலை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் இரண்டையும் ஒரே ஆள் செய்துவிடலாம், வகுப்பில் நாற்பது பேர்தான். ஐயாயிரம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இரண்டாவது வேலைக்கென்று தனியாக, படித்த ஆள் வேண்டும்.

அமெரிக்காக்காரர்கள் இதை நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1890-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் மாணவர்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு டீனை வைத்தார்கள். 1937-ல் அங்கே உள்ள கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவனை வெறும் மூளையாகப் பார்க்காதே, அவன் உடம்பு, மனசு, பணக் கஷ்டம், நட்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்தது இந்தத் தொழில். இன்று அதற்குத் தனி முதுகலைப் படிப்பு, தனிச் சங்கங்கள், தனி ஆராய்ச்சி இதழ்கள் உண்டு.

அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் குடியிருப்பில் சில நூறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பு. அந்த மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, வாரா வாரம் உட்கார வைத்துப் பேசுவது இவள் வேலை. பயிற்சியில் ஒரு பகுதிக்கு 'மூடிய கதவுகளுக்குப் பின்னால்' என்கிற மாதிரி ஒரு பெயர். பழைய ஆட்கள் அறைக்குள் போய் நடிப்பார்கள். ஓர் அறையில் குடித்துவிட்டு மயங்கிக் கிடப்பவன். இன்னொன்றில் அறைத்தோழிகள் இருவர் சண்டை. மூன்றாவதில் வீட்டுக்குப் போன் செய்ய பயந்து அழுகிற பெண். புதிய ஆள் கதவைத் தட்டி, உள்ளே போய், என்ன பேசுவது, யாரைக் கூப்பிடுவது, எந்த நேரத்தில் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டு மேலே தகவல் சொல்வது என்று செய்து காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து அதை அலசுவார்கள். தலைமைப் பயிற்சி என்றால் இதுதான்.

நம் ஊரில் தலைமைப் பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு பேச்சாளர் வருவார். பொன்னாடை, பூங்கொத்து. "உன்னால் முடியும்" என்று ஒன்றரை மணி நேரம். கடைசியில் குரூப் போட்டோ. அந்தப் போட்டோ நேராக நாக் குழுவுக்கான ஃபைலுக்குப் போகும். அந்த மதிப்பீட்டில் மாணவர் ஆதரவுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வைத்தார்கள். பல கல்லூரிகளில் அது போட்டோ ஒட்டும் பக்கமாக ஆகிவிட்டது. கேட்ட மாணவன் மறுநாள் காலையில் எதையாவது வேறு மாதிரி செய்தானா? அதைக் கேட்பார் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996-ல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. மறு வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் யூஜிசி நாடு முழுமைக்கும் விதிமுறை போட்டது. அந்த விதிமுறையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி, அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு மேலே ஒருவர் என்று எழுதியிருக்கிறது. என் தம்பி மகள் செய்கிற வேலையேதான்! நம் விதிப் புத்தகத்திலும் அது இருக்கிறது. ஆனால் அந்த வழிகாட்டிகளை யார் தேர்ந்தெடுப்பது, யார் பழக்குவது? இயற்பியல் பேராசிரியருக்கு 'கூடுதல் பொறுப்பு' என்று ஓர் ஆணை. அவர் பாவம், வாரம் முழுக்க வகுப்பு, ஆய்வுக்கூடம், விடைத்தாள். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இதே கதைதான். 1969-ல் தொடங்கிய அருமையான திட்டம் அது. வருடம் 120 மணி நேரத் தொண்டு, கிராமத்தில் ஏழு நாள் முகாம். ஒரு நல்ல திட்ட அலுவலர் கிடைத்தால் பிள்ளைகள் மாறிவிடுவார்கள், என் மாணவர்கள் சிலர் அப்படி மாறியதைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் நூறு பிள்ளைகளும் பார்த்தீனியம் பிடுங்கிவிட்டுச் சான்றிதழோடு வீட்டுக்கு வருவார்கள். இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு துறையை நடத்தலாமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே இதற்கென்று ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நீதிபதிகள் கவலைப்படுகிற விஷயத்தில், அதைத் தடுக்கும் வேலைக்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

"தலைமைப் பண்பு பிறவியிலேயே வரும், சொல்லிக் கொடுக்க முடியாது" என்று அந்தக் குழுவில் எழுதிய என் பழைய மாணவனுக்கு ஒரு வார்த்தை. நம் வகுப்பில் லீடரை மாதத்துக்கு ஒருவராக மாற்றியது நினைவிருக்கிறதா? உயரமான பையன், முதல் ரேங்க் பெண் என்று வருடம் முழுக்க ஒரே ஆளை வைப்பதுதான் அப்போது வழக்கம். நான் மாற்றினேன். சக ஆசிரியர்கள் கூட "ஒழுங்கு போய்விடும்" என்றார்கள். வாயே திறக்காத ஒரு பெண்ணுக்கு மதிய உணவு வரிசைப் பொறுப்பு வந்தது. முதல் வாரம் வரிசை கலைந்து பெருங்கூச்சல். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் அவளோடு உட்கார்ந்து, இன்று எங்கே கலைந்தது, ஏன் கலைந்தது என்று மட்டும் கேட்பேன். மூன்றாவது வாரம் அவளே, சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்னால் விட்டாள், தட்டு கழுவும் இடத்துக்கு வேறு வழி வைத்தாள். குரலை உயர்த்தவேயில்லை. பிறவியிலேயே வந்ததா அது? தம்பி, உன் மாதத்தில் என்ன நடந்தது என்று இங்கே எழுதட்டுமா?

இந்த வேலையில் எல்லாம் இனிப்பு என்று நான் சொல்லவில்லை. சம்பளம் ஐடி கம்பெனிக்குப் பக்கத்தில் கூட வராது. குடியிருப்பிலேயே வீடு கொடுத்துவிடுவதால் ராத்திரி இரண்டு மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். சில வருடங்களிலேயே களைத்துப்போய் வெளியேறுகிறவர்கள் நிறைய. அமெரிக்கா போய்ப் படிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பொறியியல், கணினி படித்தவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுபவத்துக்கு மூன்று வருடம் வரை கிடைக்கும், இந்தப் படிப்புக்குப் பொதுவாக ஒரு வருடம்தான். அதற்குள் விசாவுக்கு முன்வரும் பல்கலைக்கழகத்தைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு பக்கம், படிக்கும்போதே வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்து, அதற்கு ஈடாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வாய்ப்பு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அவள் அப்படித்தான் படித்தாள். தம்பி ஒரு சென்ட் நிலம் கூட விற்கவில்லை. சிரித்தவர்கள் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே இருந்து செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். இப்போது தனியார் பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். எம்எஸ்டபிள்யூ, ஆலோசனை உளவியல் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டு. சேரும்போதே கேளுங்கள்: எனக்கு மேலே யார், பட்ஜெட் எவ்வளவு, ராத்திரி போன் வந்தால் முறை வைத்து எடுக்க இன்னொரு ஆள் உண்டா? இதற்கு பதில் சொல்லாத இடத்தில் உங்களை விழா ஏற்பாட்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும்தான் வைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு வருடத்தில் கணக்கு எழுதப் பழகுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள், வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்றும் எழுதுங்கள். ராகிங் விதிமுறை, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இரண்டையும் கையில் வைத்திருங்கள். மாணவர்களுக்கு அண்ணன், அக்கா ஆகிவிடாதீர்கள். அன்பாக இருங்கள், ஆனால் நீங்கள் அலுவலர். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆவேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் என் மாணவர்கள் மூன்று நான்கு பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வரும் ஜூனில் பேச்சாளருக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, முதலாண்டு மாணவர்களுக்கு ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி என்று அந்த விதிமுறை சொல்வதைச் செய்து பாருங்கள். வழிகாட்டிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும், தொடங்குவதற்கு. கதவு தட்டுகிற அந்தப் பயிற்சியை எப்படி நடத்துவது என்று என் தம்பி மகள் வீடியோ காலில் சொல்லித் தரத் தயாராக இருக்கிறாள். நேர வித்தியாசம் இருக்கிறது, நமக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவளுக்கு வசதி. வேண்டுமென்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.